தோழன் மாற மாட்டான்

கோப்பாய்,
வைகாசி மாதம்.

அன்பின் அருட்செல்வன் அவர்கட்கு,

இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதித்தான் தொடங்கப் பார்த்தேன். பொய்யில் தொடங்க மனம் வரவில்லை. நீங்கள் லண்டனில் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். வட்ஸ்அப் இருக்கக் கடிதம் எதற்கு என்று யோசிப்பீர்கள். நான் உங்களுக்கு அனுப்பும் குரல் பதிவுகள் மறுநாளே சுன்னாகத்தில் உங்கள் அம்மாவின் போனில் ஓடுகின்றன. அதனால் இதை நாளைக்கு லண்டன் திரும்பும் என் சிநேகிதி தர்சிகாவிடம் கொடுத்துவிடுகிறேன். நீங்கள் மட்டும் வாசியுங்கள்.

ஆவணிக்கு மண்டபம் பதிந்தாயிற்று. மேளகாரரும் வீடியோக்காரரும் சரி. அம்மா இப்போதே பலகாரச் சூட்டுக்கு ஆட்களைச் சொல்லத் தொடங்கிவிட்டார்.

போன ஞாயிறு உங்கள் அம்மாவும் அக்காவும் வந்திருந்தார்கள். ஊற்றிக் கொடுத்த தேத்தண்ணீர் ஆறி ஆடை படியும் வரை இருவரும் தொடவில்லை. பிறகு உங்கள் அம்மா, “தோழனுக்குப் பிரவீணனை விடுங்கோ. உங்கடை பெடியன்ரை கை மாப்பிள்ளையின்ரை காலிலை படக் கூடாது” என்றார். நீங்களும் அப்படித்தான் சொன்னீர்களாம். பெண்ணின் தம்பி தோழனாக நின்று மாப்பிள்ளையின் காலைக் கழுவி உள்ளே அழைத்து வருவதுதான் எங்கள் முறை. எனக்கு இருப்பது ஒரே தம்பி, டிலக்ஷன். சித்தப்பாவின் மகன் பிரவீணன் நல்ல பிள்ளைதான். அதற்காக என் தம்பி உயிரோடு இருக்க அவனை ஏன் நிறுத்த வேண்டும்?

தம்பியைப் பற்றி உங்களுக்கு வந்த வீடியோவில் பாதிதான் இருக்கிறது. மீதியை நான் சொல்கிறேன். சனசமூக நிலையத்தில் எச்.ஐ.வி. பற்றி இளம் பிள்ளைகளுக்குக் கதைக்க ஒரு டொக்டரைக் கூப்பிட்டிருந்தார்கள். நிலையத் தலைவர் ஏரம்பு மாஸ்டர் ‘ஒழுக்கமே ஒரே மருந்து’ என்று பதாகை கட்டினார். தொடங்கும் முன்பே பெண் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பினார். நான் போகாமல் சைக்கிள்கள் நிற்கும் பக்கத்து யன்னலில் நின்றுகொண்டேன். ஆணுறை என்ற சொல்லை வாயில் எடுக்கக் கூடாது என்று டொக்டருக்கும் கட்டளை. அந்த மனிதர் ‘அந்தப் பொருள், அந்தப் பொருள்’ என்றே பேச்சை முடித்தார். எந்தப் பொருள் என்று ஒரு பெடியனுக்கும் விளங்கியிருக்காது.

கடைசியில் ஒருவன், தொற்று வராமல் முன்கூட்டியே போடுகிற மருந்துக் குளிசை உண்மையிலேயே இருக்கிறதா என்று கேட்டான். டொக்டரோ மாஸ்டரின் முகத்தைப் பார்த்தார். அப்போதுதான் தம்பி எழும்பித் தன் பையிலிருந்த போத்தலை எடுத்துக் காட்டி, தான் அதைத்தான் போடுவதாகச் சொன்னான். வீடியோ அந்த இடத்தில் வெட்டுப்பட்டுவிட்டது; தனக்குக் கிருமி இல்லை என்று அவன் சொன்னது அதில் இல்லை.

எங்கள் ஊரில் குளிசை போட்டால் வருத்தக்காரன், நோயாளி. வருத்தம் வராமல் இருக்கவும் குளிசை போடலாம் என்பது ஒருவருடைய மண்டையிலும் ஏறவில்லை. இரத்தம் சோதித்து, கிருமி இல்லை என்று கண்ட பிறகுதான் கிளினிக்கில் அதைக் கொடுப்பார்கள். கொடுத்த பிறகும் விடாமல் சோதிப்பார்கள். இந்த ஊரில் தன்னிடம் கிருமி இல்லை என்று சோதித்துச் சொல்லக்கூடிய ஆண்பிள்ளை எனக்குத் தெரிய அவன் ஒருவன்தான்.

மறுநாள் அயல் வீட்டுக்காரர் எங்கள் பங்குக் கிணற்றை இறைத்தார்கள். தம்பி அதில் குளிக்கிறவனாம். தோட்டமெல்லாம் தண்ணீருக்குக் காய்கிற இந்தக் கோடையில், மோட்டர் பூட்டி அடி தெரிய இறைத்து, குளோரின் கொட்டினார்கள். எல்லாரும் படித்தவர்கள், பென்சன் எடுக்கிறவர்கள். ஏரம்பு மாஸ்டர் வெற்றிலையைச் சப்பிச் சப்பிக் கிணற்றுக் கட்டிலேயே துப்பிக்கொண்டு நின்று, சுத்தம் பற்றிக் கதைத்தார்.  வீட்டில் அம்மா அவனுக்கென்று வேறு சோற்றுக் கோப்பை ஒதுக்கி வைத்திருப்பதைக் கண்டபோதுதான் எனக்கு அழுகையே வந்துவிட்டது. அன்றிலிருந்து நான் அந்தக் கோப்பையில்தான் சாப்பிடுகிறேன். 

கெட்ட பழக்கம் இல்லாதவனுக்கு அந்தக் குளிசை எதற்கு என்று உங்கள் அக்கா கேட்டார். நான் அவனிடம் அதைக் கேட்கவில்லை. அவன் யாரை நேசிக்கிறான் என்பதை அவனாகச் சொல்லும்போது கேட்டுக்கொள்வேன். தன்னையும் மற்றவரையும் காக்க அவனுக்குத் தெரிந்திருந்ததே, எனக்கு அது போதும்.

ஆனால் இப்போது குளிசையை நிறுத்திவிட்டான். மிச்சத்தை மலசலகூடத்தில் கொட்டியதாகச் சொன்னான். “அக்கா, என்னாலை உன்ரை கலியாணம் குழம்பக் கூடாது. நான் கொழும்புக்குப் போறன்” என்கிறான். ஊர் பயந்தபோது நான் பயப்படவில்லை. இப்போதுதான் பயமாக இருக்கிறது. அந்த நகரத்தில் அவமானத்தோடு தனியே திரிகிற பிள்ளை தன்னைக் கவனித்துக்கொள்வானா?

இன்னொன்றும் எழுத வேண்டும். நமக்குச் சாதகப் பொருத்தம் பார்த்தார்கள். செவ்வாய் எந்த வீட்டில் என்று இரண்டு சாத்திரிமாரிடம் கேட்டார்கள். உங்கள் இரத்தத்தையோ என்னுடையதையோ ஒருவரும் கேட்கவில்லை. இத்தனை வருடமாக லண்டனில் தனியே இருந்தவரிடம் கேட்கக் கூடாத கேள்வியாம் அது. நான் போய்ச் சோதித்துவிட்டேன், எனக்குக் கிருமி இல்லை. நீங்களும் சோதித்துக்கொண்டு வாருங்கள். கோபம் வந்தால் வரட்டும்.

தோழனாக டிலக்ஷன்தான் நிற்பான். அவன் கை படுவது அருவருப்பு என்றால் நீங்கள் செருப்பைக் கழற்ற வேண்டாம், மண்டப வாசலோடு திரும்பிவிடுங்கள். அந்த வார்த்தை உங்களுடையதல்ல, உங்கள் பெயரில் உங்கள் அம்மா சொன்னது என்று நம்பத்தான் இன்னும் பார்க்கிறேன். அப்படியென்றால் ஒரு தடவை அவனுக்குப் போன் எடுங்கள். அவன் திரும்பக் கிளினிக்குக்குப் போக வேண்டும், அதை என்னைவிட நீங்கள் சொன்னால் கேட்பான். உங்கள்மேல் அவனுக்கு நல்ல விருப்பம்.

கூறைச் சேலைக்குச் சட்டை இன்னும் தைக்கக் கொடுக்கவில்லை. அத்தான் கதைத்தவர் என்று அவன் வந்து சொல்லும் அன்றைக்குக் கொடுப்பேன்.

நல்லூர்க் கந்தன் உங்களுக்கு நீண்ட ஆயுளையும் நல்ல மனதையும் தரட்டும்.

இன்றுவரை உங்களுக்கென்று இருக்கும்,
கோபிகா