இசட் டிரைவில் நீ அடித்த பதினைந்து நாள்

இன்று காலை சிஸ்டத்தைத் திறந்ததும் இசட் டிரைவின் மேல் அந்தச் சின்னச் சிவப்புப் பெருக்கல் குறி தெரிந்தது. விழுப்புரத்தில் நான் இப்போது வேலை பார்க்கும் ஆபீசில் அது புதிதில்லை. மெயின் சிஸ்டம் எழுந்திருப்பதற்கு முன்னால் நம்முடையது எழுந்துவிட்டால் வரும், இரண்டு தட்டு தட்டினால் போய்விடும். இன்று தட்டப்போன விரல் நின்றுவிட்டது. பக்கத்து சீட்டுக்காரம்மா, "இன்னா மேடம், ஹேங் ஆயிடுச்சா?" என்றார். சிஸ்டம் நன்றாகத்தான் இருக்கிறது என்றேன்.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் இதை எழுதுகிறேன். போனை எதிரிலேயே வைத்திருக்கிறேன். பெண்ணுக்குக் காலையில் லேசாக மூக்கொழுகல், பள்ளிக்கூடத்திலிருந்து கூப்பிட்டால் தெரிய வேண்டும். அவள் ஒன்றாம் வகுப்புக்குப் போய்விட்டாள். நான் மட்டும் மாறவில்லை. நீ இருந்தால், "மூக்கு ஒழுவறதுக்கெல்லாம் ஆம்புலன்ஸ் வராதுடி" என்பாய். நீ போய் மூன்று வருஷம் ஆகிறது. உன்னிடம் சொல்ல வேண்டியதோ அதற்கும் மூன்று வருஷம் முந்தியது.

திண்டிவனத்துக் கல்லூரி ஆபீசில் நாம் மூன்று பேர்தான் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருவோம். நீ, நான், சூப்ரண்ட் சார். அவர் பக்கத்தில் இருந்ததற்குப் பெரிய சிஸ்டம் என்று பெயர். கல்லூரியின் எல்லா ஃபைலும் அதற்குள் ஒரு ஃபோல்டரில் கிடக்கும். நம் சிஸ்டங்களில் அந்த ஃபோல்டர் இசட் என்ற பெயரில் தெரியும். நம் மேசையில் இருப்பது போலத் தோன்றும், ஆனால் நாம் அடிப்பதெல்லாம் அங்கே போய் உட்காரும். அதனால் காலையில் பெரிய சிஸ்டத்தைத்தான் முதலில் போட வேண்டும். ஒலக்கூரிலிருந்து முதல் ஆளாக வந்து நீதான் போடுவாய். நான் அவசரப்பட்டு என்னுடையதில் கை வைத்தால் தட்டிவிடுவாய். "பெரியவங்க எழுந்துக்கினு காபி குடிக்கட்டும்டி. சின்னதுங்க அப்பறம் எழுந்துக்கலாம்."

அதையும் மீறி இசட் காணாமல் போகும் நாட்கள் உண்டு. அப்போது நான்தான் வர வேண்டும். பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்தவள் ஆயிற்றே. பழைய இணைப்பைத் துண்டித்து, பட்டியலில் பெரிய சிஸ்டத்தைத் தேடி, அதன் ஃபோல்டரைக் காட்டி, திரும்ப இசட் என்று பெயர் கொடுத்தால் வந்துவிடும். ஐந்து நிமிஷ வேலை. நீ அதற்கு என்னை டாக்டர் ஆக்கியிருந்தாய். "டாக்டரம்மா, பேஷண்டு புட்டுக்கிச்சு, ஜல்தி வாங்க" என்று ஆபீஸ் முழுக்கக் கேட்கும்படி கூப்பிடுவாய். எனக்கு அது பிடித்திருந்தது. மாமியார் வீட்டிலும் ஆபீசிலும் பயந்து பயந்து நடந்துகொண்டிருந்தவளுக்கு அந்த ஒரு இடத்தில்தான் பயம் இல்லை.

அந்த வருஷ ஆயுத பூஜை உனக்கு நினைவிருக்கும். பீரோவுக்குப் பக்கத்தில் ஒரு கிழட்டு சிஸ்டம் கிடந்தது. புதிய பெரிய சிஸ்டம் வருவதற்கு முன்னால் அதுதான் பெரிய சிஸ்டம். எல்லாவற்றையும் புதியதற்கு நகல் எடுத்த பிறகு அதை யாரும் தொடவில்லை. அதற்கும் பொட்டு வைத்தாய். சூப்ரண்ட் சார் ஒத்துக்கொள்ளவில்லை. "ஓடாத மெஷினுக்குப் பொட்டு வெச்சா பொணத்துக்கு வெக்கற மாதிரி. எல்லாத்தையும் ஓட வுடுங்க." துடைப்பதற்காகக் கழற்றிய ஒயர்களை மாட்டும்போது அதனுடைய ஒயர்களையும் சேர்த்துச் சொருகினோம். எல்லாம் ஒன்றாக உறுமின. கற்பூரம் காட்டினோம். நீ அவல் பொரியை என் முந்தானையில் கொட்டினாய்.

விடுமுறை முடிந்து வந்த அன்று, நீ வருவதற்குள் ஆபீசைக் கூட்டும் ஆயாம்மா சுவரில் இருந்த சுவிட்சுகளை எல்லாம் ஒரே நேரத்தில் போட்டுவிட்டாள். கிழட்டு சிஸ்டமும் பொட்டோடு ஓட ஆரம்பித்தது. உன் இசட்டில் சிவப்புக் குறி. தட்டித் தட்டிப் பார்த்தும் போகவில்லை. என்னைக் கூப்பிட்டாய். அதே நேரத்தில் என் போனும் அடித்தது. வீட்டிலிருந்து அத்தை பேசினார். "கொழந்த ஒடம்பு அனலா கொதிக்குது, பால் குடிக்க மாட்டேங்குது." ஐந்து மாதக் குழந்தை. அரை நாள் கேட்டபோது சூப்ரண்ட் சார் நிமிராமல், "இன்னிக்குமா?" என்றார்.

பையைத் தோளில் மாட்டிக்கொண்டே உன் தோளுக்கு மேலாகக் குனிந்து மவுசைப் பிடித்தேன். பழைய இணைப்பைத் துண்டித்தேன். பட்டியலில் எப்போதும் ஒரே பெயர்தான் இருக்கும். அன்று இரண்டு இருந்தன. முதலில் இருந்ததைத் திறந்தேன். நம் ஃபோல்டர், நம் துறைகளின் பெயர்கள், எல்லாம் அப்படியே இருந்தன. "வந்துடுச்சுடி" என்றேன். "டாக்டரம்மா கை பட்டா போதும். நீ கெளம்பு, கொழந்தயப் பாரு, சார நான் பாத்துக்கறேன்" என்றாய். ஓடிப்போய் விழுப்புரம் பஸ்ஸைப் பிடித்தேன். காய்ச்சல் சாயங்காலமே இறங்கிவிட்டது.

அடுத்த பதினைந்து நாளும் நீ அக மதிப்பெண்களை அடித்தாய். துறைகளிலிருந்து வந்த தாள்களைக் கட்டுக் கட்டாகப் பிரித்து, பார்வையைத் திரையிலிருந்து எடுக்காமல் அடித்தாய். எல்லாம் பீரோவுக்குப் பக்கத்தில் யாரும் கவனிக்காமல் தினமும் ஓடிக்கொண்டிருந்த அந்தக் கிழட்டு சிஸ்டத்துக்குள் போய்க்கொண்டிருந்தது. எனக்கும் தெரியாது, உனக்கும் தெரியாது. பதினைந்தாம் நாள், ஒரு சனிக்கிழமை, பழைய சிஸ்டத்தைக் கொடுத்தால் பிரிண்டர் தருவதாகச் சொன்ன கடைக்காரர்கள் வந்து அதைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

திங்கட்கிழமை உன் இசட்டில் மறுபடியும் சிவப்புக் குறி. நீ தண்ணீர் பிடிக்கப் போயிருந்தாய். உன் நாற்காலியில் உட்கார்ந்து துண்டிக்கப் போனபோது, டிரைவின் பெயரை ஒட்டி அது எந்த சிஸ்டத்தைச் சேர்ந்தது என்று எழுதியிருந்ததைப் பார்த்தேன். பழைய சிஸ்டத்தின் பெயர். மூன்று முறை படித்தேன். பிறகு துண்டித்தேன். சரியான சிஸ்டத்தோடு இணைத்தேன். வராந்தாவுக்குப் போய்க் கடைக்குப் போன் செய்தேன். "அன்னிக்கே எல்லாத்தையும் அழிச்சு ஃபார்மட் அடிச்சிட்டோம் மேடம்" என்றார்கள்.

நான் திரும்பி வந்தபோது நீ இசட்டைத் திறந்துவிட்டு உட்கார்ந்திருந்தாய். "ஏய், நான் அடிச்சது எங்கடி?"

தெரியலையே என்றேன். அவ்வளவுதான் நான் சொன்னது. அந்த ஒரு சொல்தான்.

சூப்ரண்ட் சார் பெரிய சிஸ்டத்தில் தேடிவிட்டு வந்தார். "பதினஞ்சு நாளா இன்னா பண்ணிக்கினு இருந்தே?"

"அடிச்சிக்கினுதான் சார் இருந்தேன். இவளக் கேளுங்க."

"அடிச்சது எங்க? காக்கா தூக்கிக்கினு போயிடுச்சா?"

"சேவ் பண்ணேன் சார்."

"பண்ணியிருந்தா இருக்கணுமே."

நீ என்னைப் பார்த்தாய். சந்தேகப்பட்டுப் பார்க்கவில்லை. டாக்டர் ஏதாவது சொல்வாள் என்று பார்த்தாய். நான் கீபோர்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். குழந்தை பிறந்த பிறகு நான் எடுத்த லீவுகளையெல்லாம் அவர் எண்ணி வைத்திருந்தார். வீட்டுக்காரருக்கு அப்போது நிலையான வேலை இல்லை. வாயைத் திறந்தால் என் வேலை போய்விடும் என்று பயந்தேன். அந்தப் பயம் பொய்யில்லை. ஆனால் அது உன் தலையில் இறக்கி வைக்க வேண்டியதும் இல்லை.

அவர் உன்னிடம் ஒரு விளக்கக் கடிதம் கேட்டார். உனக்குக் கை ஓடவில்லை. "நீயே அடிச்சிக் குடுடி" என்றாய். அடித்தேன். 'என் கவனக்குறைவால்' என்று தொடங்கியது அது. அந்த வார்த்தையை அடிக்கும்போது என்னைப் பற்றித்தான் அடிக்கிறேன் என்று எனக்குத் தெரியும். கீழே நீ கையெழுத்துப் போட்டாய்.

பிறகு மூன்று நாள் நான் பக்கத்தில் உட்கார்ந்து மதிப்பெண்களைப் படிக்கப் படிக்க நீ மறுபடியும் அடித்தாய். கடைசித் தேதிக்குள் அனுப்பிவிட்டோம். "நீ இல்லன்னா நான் இன்னாடி பண்ணியிருப்பேன்" என்று சொல்லி எனக்கு அவித்த மல்லாட்டை வாங்கிக் கொடுத்தாய். அந்தக் கடலையை உரித்துத் தின்றேன். பௌர்ணமிக்குத் திருவக்கரைக்குப் போய், இனிமேல் மறதி வரக் கூடாது என்று காளியிடம் வேண்டிக்கொண்டாயாம். என் குழந்தைக்கும் குங்குமம் மடித்துக்கொண்டு வந்தாய். வருஷக் கடைசியில் தற்காலிக ஆட்களின் வேலையைப் புதுப்பித்த பட்டியலில் என் பெயர் இருந்தது, உன் பெயர் இல்லை.

அப்புறம் ஒரே ஒருமுறை திண்டிவனம் மேம்பாலத்துக்குக் கீழே உன்னைப் பார்த்தேன். ஜெராக்ஸ் கடையில் டைப் அடிப்பதாகச் சொன்னாய். "இன்னா டாக்டரம்மா, பேஷண்டு எப்டிகீது?" என்று கேட்டாய். சொல்லிவிடலாம் என்று வாய் வரைக்கும் வந்தது. என் பஸ் வந்தது. அடுத்த பஸ் இருபது நிமிஷத்தில் வரும் என்று எனக்குத் தெரியும். ஏறிவிட்டேன்.

மஞ்சள் காமாலை முற்றி நீ போனதை ஆயாம்மா போனில் சொன்னபோது பதினாறாம் நாள் காரியமும் முடிந்திருந்தது. வர எனக்கு முகம் இல்லை. குழந்தையைச் சாக்கு வைத்துக்கொண்டே வருஷங்களை ஓட்டினேன்.

போன மாதம்தான் ஒலக்கூர் போனேன். உன் அம்மா விதைக்கு மல்லாட்டை உடைத்துக்கொண்டிருந்தார். பெயரைச் சொன்னதும், "நீதானா அது, கூட ஒக்காந்து அடிச்சிக் குடுத்த பொண்ணு?" என்று பக்கத்தில் இடம் ஒதுக்கினார். உன்னைப் பற்றிப் பேசினார். ஜெராக்ஸ் கடையில் ஒவ்வொன்றையும் நான்கு தரம் சேவ் செய்வாயாம். கடைக்காரர் கேலி பண்ணுவாராம். "பாதி வழி வந்துட்டு திரும்பிப் போவாம்மா, சரியா வெச்சேனான்னு பாக்க. என் கைய நானே நம்ப மாட்டேம்மான்னுவா. அந்தக் காலேஜில இன்னா ஆச்சோ, அதுல இருந்துதான்."

மல்லாட்டைத் தோல் என் மடியில் விழுந்துகொண்டிருந்தது. "அம்மா, அந்தத் தப்பு அவ பண்ணல. நான் பண்ணேன். தெரிஞ்சும் சொல்லல" என்றேன்.

அவர் கை நிற்கவில்லை. இன்னும் நான்கைந்து காய் உடைத்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன்.

"அவகிட்ட சொன்னியா?"

"இல்லம்மா."

"அவகிட்டதானே சொல்லியிருக்கணும்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. வழி தவறி வந்தவளுக்குச் சரியான தெருவைக் காட்டுவது போலச் சொன்னார். பிறகு எழுந்து போய் டீ போட்டுக்கொண்டு வந்தார்.

அன்றிலிருந்து அந்த ஒரு வாக்கியத்தோடுதான் இருக்கிறேன். பஸ்ஸிலும் அதுதான், பெண்ணுக்குத் தலை பின்னும்போதும் அதுதான். மன்னித்துவிடு என்று கேட்க இதை எழுதவில்லை, அதைக் கேட்கும் காலம் அந்த மேம்பாலத்துக்குக் கீழேயே முடிந்துவிட்டது. உனக்குச் சேர வேண்டிய ஒரு சேதி என்னிடம் தங்கிவிட்டது, அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

நீ மறக்கவில்லை. பதினைந்து நாளும் அடித்தாய். ஒவ்வொரு நாளும் சேவ் செய்தாய். உன் கையில் ஒரு குறையும் இல்லை.