இண்டைக்கு மட்டும் ஒரு பிட்சர்

மச்சாள், இன்று காலை இந்த மாரியின் முதல் பனி. சப்பாத்தைத் தேடப் போனால், கதவடியில் உப்பு வாளிக்குப் பின்னால் பனி அள்ளுகிற உங்கள் சிவப்புச் சவல் நிற்கிறது. உள்ளங்கை நோகிறது என்று பிடியில் நீங்கள் சுற்றிய துணி இன்னும் அப்படியே இருக்கிறது. சிரிப்பு வந்துவிட்டது. பனியைக் கண்டால் பேஸ்போல் ஞாபகம் வருகிற ஒரே ஆள் இந்த ஊரில் நானாகத்தான் இருப்பேன்.

அஹுன்ட்சிக் பகுதியின் இந்தக் கட்டடத்தில் நீங்களும் அண்ணையும் மேல்வீடு, நாங்கள் கீழ்வீடு. ஊர் பேஸ்போல் அணி மூட்டை கட்டிக்கொண்டு போனபிறகு, அண்ணை செத்தவீட்டு முகத்தோடு திரிந்து, கடைசியில் அந்தக் கொம்பியூட்டர் விளையாட்டில் ஆறுதல் கண்டார். நிஜ ஆட்டக்காரர்களை நாங்கள் பொறுக்கி எடுக்க வேண்டும். மைதானத்தில் அவர்கள் செய்வதெல்லாம் எங்களுக்குப் புள்ளி. வேலையிடத்து ஆட்களைச் சேர்த்தார். ஒரு அணி குறைந்தது. ஒப்புக்கு உங்களையும் என்னையும் ஒரு அணியாகப் போட்டார். அங்கேதான் அவர் பிழை விட்டார்.

பந்து எறிகிறவன்தான் பிட்சர்; நல்ல பிட்சர் ஒருநாள் எறிந்தால் பிறகு சில நாள் ஓய்வு. அந்த இடைவெளிக்கு, எவரும் எடுக்காத ஒருவனை ஒரேயொரு நாளுக்குப் பிடித்துப் போட்டு, மறுநாள் விட்டுவிட வேண்டும். நான் பெயரைப் பார்த்து மயங்குவேன். நீங்கள் அகப்பையும் கையுமாக வந்து திரையை எட்டிப் பார்ப்பீர்கள்.

“ஆர் எறியிறான் எண்டு பாராதையும். ஆருக்கு எறியிறான் எண்டு பாரும்.”

எதிரணி அடிக்கத் தெரியாததாக இருக்க வேண்டும், மைதானம் பெரிதாக இருக்க வேண்டும். அவ்வளவுதான் உங்கள் கணக்கு. ஒருநாள் வேலைக்கு வருகிறவனுக்குச் சாதகப் பொருத்தம் எதற்கு என்று கேட்பீர்கள். ஆனால் மறுநாள் அவனை விடும்போது, “போட்டு வா ராசா” என்று திரைக்குச் சொல்லாமல் பொத்தானை அமத்த மாட்டீர்கள். போய்விட்டு வா என்றுதான் அர்த்தம்; வெறுமனே ‘போ’ என்று சொல்ல உங்களுக்கு வாய் வராது. சிலர் உண்மையாகவே திரும்பி வந்தார்கள்.

கடைசி வாரம் அண்ணைக்கும் எங்களுக்கும் போட்டி. தோற்றவர்கள் மாரி முழுக்க இரண்டு வீட்டுப் பனியையும் அள்ள வேண்டும் என்று பந்தயம். எனக்கு அது விளையாட்டில்லை. என் மனுசன் டவுன்டவுன் உணவகத்தில் இரவு வேலை முடித்து விடியத்தான் வந்து படுப்பார். பிள்ளையைப் பகலில் பார்க்கிற கார்டெரிக்குக் கொண்டுபோக நான்தான் தினமும் படியைத் தோண்டுவேன். முந்தின மாரியில் என் நாரி பிடித்து, இடுப்பை நிமிர்த்த முடியாமல் கிடந்திருக்கிறேன். எப்படியாவது வெல்ல வேண்டும் என்று நேர்த்தி வைக்காத குறை.

ஞாயிற்றுக்கிழமை ஒரே ஒரு பிட்சர் தேவை. ஒருகாலத்தில் எங்கள் ஊர் அணிக்கு எறிந்த கிழவனில் எனக்கு ஆசை. நீங்கள் பெயர் தெரியாத ஒரு பெடியனைக் காட்டினீர்கள். புத்தி உங்கள் பக்கம். சரி என்று விட்டேன். அன்று கோயில் பூசைக்கு நீங்கள் பிந்தி வந்தீர்கள். ஏனென்று சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து பார்த்தால் எங்கள் அணியில் பெடியனில்லை, கிழவன் எறிந்துகொண்டிருக்கிறான்.

“ஏன் மச்சாள்?” என்றேன்.

“நீர் ஆசைப்பட்டனீர். இண்டைக்கு மட்டும்தானே.”

முதல் இன்னிங்ஸையே அவனால் முடிக்க முடியவில்லை. எறிந்ததெல்லாம் அடி வாங்கியது. அண்ணை மேலே குதித்த குதியில் எங்கள் விளக்கு ஆடியது. எனக்கு உங்களில் சரியான கோபம். நீங்களோ கண்ணில் நீர் வரச் சிரித்து, “போட்டு வா ராசா” என்றீர்கள்.

அந்த மாரியில் நான் சப்பாத்து மாட்டி வெளியே வரமுன்பே நீங்கள் பாதிப் படியை முடித்திருப்பீர்கள். பாரமான பனியை எனக்குத் தர மாட்டீர்கள். படி வழுக்காமல் உப்புத் தூவுவதுதான் என் வேலை. அண்ணை ஜன்னலில் தேத்தண்ணியோடு நின்று, விட்டுப்போன இடங்களைக் கைகாட்டுவார். ஒருநாள் நீங்கள் உருட்டி எறிந்த பனி அவர் முகத்துக்கு நேரே கண்ணாடியில் போய் அப்பியது. எங்கள் அணியின் மிகச் சிறந்த எறி அதுதான். அப்படி நான் அதற்கு முன்னும் சிரித்ததில்லை, பின்னும் சிரித்ததில்லை. வென்றிருந்தால் அது எனக்குக் கிடைத்திருக்காது.

நீங்கள் ஒரேயடியாய்ப் போனபிறகு அண்ணை அந்த விளையாட்டுப் பக்கமே திரும்பவில்லை. போன வசந்தத்தில் இறங்கி வந்து, கொம்பியூட்டருக்கு முன்னால் என் பக்கத்துக் கதிரையில் இருந்தார். இப்போது அவரும் நானும் ஒரே அணி. நான் பெயரைப் பார்த்து மயங்கினால், “ஆருக்கு எறியிறான்?” என்று கேட்கிறார். அது யாருடைய கேள்வி என்று நான் சொல்வதில்லை.

இன்று சவலை எடுத்துக்கொண்டு வெளியே போனேன். அண்ணை வளைந்த இரும்புப் படியால் இறங்கி வந்து அதைப் பறித்துக்கொண்டார். அவர் வென்ற ஆளாயிற்றே, ஏன் அள்ளுகிறார் என்று சீண்டினேன்.

“இண்டைக்கு மட்டும்,” என்றார்.

போன மாரியிலும் ஒவ்வொரு பனிக்கும் இதைத்தான் சொன்னார். முடித்துவிட்டுப் படியேறினார். என்னை அறியாமல் வாய் சொல்லிவிட்டது.

“போட்டு வாங்கோ ராசா.”

அண்ணை கம்பியைப் பிடித்தபடி திரும்பினார். சிரித்தார்.

“நாளைக்கும் பனி கொட்டுமாம்,” என்றார்.