எத்தனை தலையணை?

ஜனவரி 9

என் கணக்குப்புலித் தம்பிக்கு,

இங்கு எல்லோரும் சுகம், சமையலறைக் குழாய் மட்டும் ஒழுகுகிறது. அம்மா இறந்ததும், அவளை ஆஸ்பத்திரியிலிருந்து அவசரப்பட்டு வீட்டுக்கு அழைத்து வந்தது யார் என்று நாம் போனில் கத்திக்கொண்டு மூன்று வருடமாகிறது. இனிமேல் காகிதத்தில்தான் பேச்சு என்று நீதான் சொன்னாய். இந்தத் தடவை மட்டும் நீ எதிரில் இருந்திருந்தால் கன்னத்தைக் கிள்ளியிருப்பேன்.

நான் இதய வார்டிலிருந்து திரும்பிய மறு வாரமே எங்கள் பஸ் கம்பெனியின் மருத்துவத் திட்டத்திலிருந்து ஓர் எடை மெஷின் வந்து இறங்கியது. செவ்வாய்க்கிழமை நாலு மணிக்கு ஒரு நர்ஸ் போன் செய்தாள். "எடை எவ்வளவும்மா? கால் வீங்கியிருக்கா? எத்தனை தலையணை வெச்சுப் படுக்கிறீங்க?" என்று கேட்டாள். தலையணையை எதற்கு எண்ணுகிறாய் என்றேன். ஒன்று போதுமென்றால் நல்லதாம். மூன்று வைத்தால்தான் மூச்சு விட முடிகிறதென்றால் நெஞ்சில் நீர் கோத்திருக்கிறதாம், உடனே டாக்டரிடம் ஓடவேண்டுமாம். எனக்கு ஒன்றுதான் என்றேன். "சமத்து" என்றாள். முப்பது வருடம் பஸ்ஸில் டிக்கெட் பரிசோதித்து ஊரையே நடுங்க வைத்தவளை ஒரு சின்னப் பெண் சமத்து என்கிறாள்!

நீ அந்தத் திட்டத்தின் அலுவலகத்தில் இருப்பதால்தானே எனக்கு இந்த உபசாரம்? வெளியே மூச்சு விடமாட்டேன். எதிர்வீட்டுத் தையற்காரருக்கும் இதே நோய், இதே திட்டம். அவரை யாரும் கூப்பிடவில்லை. அவருக்கும் ஒரு வார்த்தை சொல்லி வை.

அன்புடன்,
அக்கா

ஜனவரி 17

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டுத் தலையில் கை வைத்து உட்கார்ந்தேன். அந்த நர்ஸை நான் அனுப்பவில்லை. அது நான் நடத்தும் ஆய்வு. வீடு திரும்பிய நோயாளியை வாரம் ஒரு முறை கூப்பிட்டு விசாரித்தால் அவர் மறுபடி ஆஸ்பத்திரியில் வந்து படுப்பது குறையுமா, வைத்தியம் மேம்பட்டுச் செலவும் கட்டுக்குள் நிற்குமா என்று பார்க்கிறோம். பஸ் கம்பெனியின் மூன்று குடியிருப்புகளில் நூற்றிருபது இதய நோயாளிகளைச் சீட்டுக் குலுக்கிப் போட்டுப் பிரித்தோம். அறுபது பேருக்கு அழைப்பு உண்டு, அறுபது பேருக்கு இல்லை. ஆறு மாதம் கழித்து இரண்டு கூட்டத்தையும் ஒப்பிடுவோம். வித்தியாசம் தெரிந்தால் எல்லோருக்கும் அழைப்பு கிடைக்கும். தெரியாவிட்டால் நிறுத்திவிடுவார்கள்.

என்னிடம் இருப்பது எண்கள்தான், பெயர்கள் இல்லை. அதில் ஓர் எண் நீ என்று இப்போது தெரிந்துவிட்டது. தையற்காரருக்கு நான் எதுவும் செய்யக்கூடாது. நீயும் இதைப் பற்றி எனக்கு இனி ஒரு வரிகூட எழுதாதே. எனக்குத் தெரிந்தால் ஆய்வு கெட்டுவிடும். மாத்திரையை மறக்காதே.

தம்பி

பிப்ரவரி 2

அன்புள்ள தம்பிக்கு,

மூன்று தடவை படித்தேன், ஒன்றும் புரியவில்லை. மூச்சுத் திணறுகிறவர்களையா குலுக்கிப் போடுவது? தையற்காரர் ஒரு மாடி ஏறுவதற்குள் இரண்டு தடவை படியில் உட்காருகிறார். அவரிடம் போய், "உங்களுக்குச் சீட்டு விழலைங்க" என்றா சொல்வேன்? நீ கல்நெஞ்சக்காரன் இல்லை என்று எனக்குத் தெரியும். அதனால்தான் குழப்பம் இன்னும் அதிகமாகிறது.

சரி, எழுதாதே என்றாய், எழுதமாட்டேன். குழாய் இன்னும் ஒழுகுகிறது. ஆறு பிளாஸ்டிக் நாற்காலி வாங்கினேன். எதற்கென்று கேட்காதே, அது நீ போட்ட தடை.

அக்கா

ஜூலை 3

அன்புள்ள அக்காவுக்கு,

ஆய்வு முடிந்தது, இனி நீ எழுதலாம். நான்தான் குழம்பிப்போய் உட்கார்ந்திருக்கிறேன். அழைப்பு போன அறுபது பேரில் ஏழு பேர் ஆஸ்பத்திரிக்குத் திரும்பினார்கள். அழைப்பே போகாத அறுபது பேரிலும் ஏழு பேர்தான். போன வருடம் இதே போன்ற அறுபது பேரில் பதினெட்டுப் பேர் திரும்பியிருந்தார்கள். யாரும் கூப்பிடாமல் இவர்கள் எப்படித் தேறினார்கள்? ராப்பகலாக எண்களைப் புரட்டிப் பார்த்துவிட்டேன், பிடிபடவில்லை.

"கூப்பிட்டாலும் கூப்பிடாட்டாலும் ஒண்ணுதானே? அப்புறம் எதுக்கு நாலு நர்ஸு?" என்றார் இயக்குநர். அழைப்பால் பயனில்லை என்று அறிக்கை எழுதி நானே கையெழுத்துப் போட்டேன். போன வாரத்தோடு நிறுத்திவிட்டார்கள். மனசு ஒப்பவில்லை அக்கா. அம்மா வீடு திரும்பிய பிறகு நம்மை யாரும் கூப்பிட்டு எப்படி இருக்கிறார் என்று கேட்கவில்லை. அதனால்தான் இந்த ஆய்வையே எடுத்தேன். நீ சொல், அந்த அழைப்பால் உனக்கு ஏதாவது பயன் இருந்ததா?

தம்பி

ஜூலை 10

அன்புள்ள தம்பிக்கு,

உட்கார்ந்துகொண்டு படி.

செவ்வாய் மூன்றரைக்கு என் வீட்டில் வரிசை நிற்கும். தையற்காரர், கீழ்வீட்டு டிரைவர், அவர் மனைவி, மேல்மாடியில் மூன்று பேர். எல்லோரும் சீட்டு விழாதவர்கள். ஒவ்வொருவராக என் மெஷினில் ஏறி எடை பார்ப்பார்கள். முண்டியடித்தால் இறக்கிவிடுவேன், பழைய புத்தி. நாலு மணிக்குப் போனை ஸ்பீக்கரில் போடுவேன். எத்தனை தலையணை என்று நர்ஸ் என்னிடம் கேட்டதும் ஆறு பேரும் விரலைத் தூக்கிக் காட்டுவார்கள். ஏப்ரலில் டிரைவர் மூன்று விரல் காட்டினார். "ஒருத்தருக்கு மூணுன்னா என்னம்மா செய்யணும்?" என்று பொதுவாகக் கேட்டேன். "இன்னிக்கே வரச் சொல்லுங்க" என்றாள். ஆட்டோவில் ஏற்றி அனுப்பினேன், ஊசி போட்டு அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஆஸ்பத்திரியில் படுக்கவேண்டி வரவில்லை.

எழுதாதே என்றாய், எழுதவில்லை. இன்னும் உண்மையைச் சொன்னால், எழுதியிருந்தால் நிறுத்தச் சொல்லியிருப்பாய், அந்தப் பயமும் இருந்தது. உன் கணக்கு என்னால்தான் தப்பாய்ப் போயிற்றா? நான் நல்லது செய்தேனா கெட்டது செய்தேனா, எனக்குத் தெரியவில்லை.

அக்கா

ஜூலை 21

அக்காவுக்கு,

என் ஊரில் இருக்கும் மற்ற இரண்டு குடியிருப்புகளுக்கும் போய்ப் பார்த்தேன். அங்கேயும் மாடிக்கொரு வீட்டில் எடை மெஷின், சுற்றி நாற்காலிகள். அழைப்பைக் கேட்காதவர் என்று ஒருவரைக்கூட என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. அதனால்தான் இரண்டு பக்கமும் ஏழு.

அறிக்கையைத் திரும்பக் கொடுங்கள் என்று இயக்குநரிடம் கேட்டேன். "நாற்காலி போட்டாங்க, விரலைக் காட்டினாங்கன்னு நான் மேலிடத்துல சொல்லட்டுமா?" என்று சிரித்தார். என் அக்காவும் அதில் இருக்கிறாள் என்று எழுதிக் கொடுத்தேன். ஜனவரியிலேயே சொல்லியிருக்க வேண்டும். ஆய்வுப் பிரிவிலிருந்து என்னை பில் சரிபார்க்கும் அறைக்கு மாற்றிவிட்டார்கள். அழைப்பு மறுபடி தொடங்குவதாக இல்லை.

உன் மேல் கோபமாக இருக்கிறது. எழுதாதே என்று சொன்னவன் நான் என்பதால் அந்தக் கோபத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. கொஞ்ச நாள் எழுதமாட்டேன்.

தம்பி

ஆகஸ்ட் 12

என் தம்பிக்கு,

கோபம் தீரும்வரை காத்திருக்கலாம் என்றுதான் நினைத்தேன். முடியவில்லை.

செவ்வாய் வரிசை இன்னும் நடக்கிறது. நர்ஸ் இல்லாததால் கேள்விகளை நானே கேட்கிறேன். எனக்குத்தான் மனப்பாடமாயிற்றே. நேற்று எல்லோரும் விரல் காட்டி முடித்த பிறகு டிரைவர், "உங்களுக்கு எத்தனை?" என்று கேட்டார். ஒன்று என்று சொல்லி அனுப்பிவிட்டேன். பொய். நாலு நாளாக மூன்று. கிளினிக்கில் கேட்டால், நர்ஸ் சொல்லி அனுப்பாதவர்களை அன்றே பார்க்கமாட்டார்களாம், இருபத்தாறாம் தேதிதான் டாக்டர் பார்ப்பாராம். டிரைவரிடம் சொன்னால் இந்த வரிசையே பயந்து கலைந்துவிடும். யாரிடம் சொல்வதென்று தெரியாமல் உனக்கு எழுதுகிறேன், தபால் வந்து சேர நாலு நாளாகும் என்று தெரிந்தும். நானே போன் செய்தால் கோபத்தில் எடுக்கமாட்டாயோ என்று பயம்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். அம்மா விஷயத்தில் மூன்று வருடமாக உன்னையே குற்றம் சொன்னேன். நீ கிளம்பிப் போன பிறகு, மூச்சு முட்டுகிறது என்று அம்மா சொன்னபோதெல்லாம் நான்தான் தலையணை எடுத்து வைத்தேன். இரண்டாவதும் நான்தான் வைத்தேன், மூன்றாவதும் நான்தான் வைத்தேன். "இப்ப சுகமா இருக்கும்மா" என்றாள், நானும் நம்பினேன். அதற்கு என்ன அர்த்தம் என்று ஜனவரியில் அந்தப் பெண் சொன்ன பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அன்றைக்கு யாராவது நம்மைக் கூப்பிட்டு எண்ணிக்கை கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனே.

காகிதம் போதும் தம்பி. இது கையில் கிடைத்ததும் எனக்குப் போன் செய். சண்டை வந்தால் வரட்டும். முதலில் என்னிடம், எத்தனை தலையணை அக்கா என்று கேள்.

உன் அக்கா