இரண்டு பெட்டிகளுக்கு நடுவே

பென்சில்வேனியா
ஜனவரி, 1881

அன்புள்ள அம்மாவுக்கு, மாதாவின் கருணையால் நான் நலம். உன் இருமல் குறைந்ததா? அப்பாவின் முட்டிவலி எப்படி இருக்கிறது?

இங்கே பனி அதிகம். ஓடும் சரக்கு வண்டியின் கூரைமேல் நடந்து, பெட்டிக்குப் பெட்டி பிரேக் சக்கரத்தைத் திருப்பும் என் வேலையை நினைத்துத்தான் நீ பயப்படுவாய். அதில் எனக்கு ஒன்றும் ஆகவில்லை. போன மாதம் இரண்டு பெட்டிகளை இணைக்க நடுவே நின்றேன். இரும்பு வளையத்தைக் கையால் பிடித்துத்தான் பொருத்த வேண்டும். இன்ஜின் கொஞ்சம் வேகமாகத் தள்ளிவிட்டது. இடது கையில் இரண்டு விரல்கள் போய்விட்டன. கவலைப்படாதே, புண் ஆறிவிட்டது. மறுபடி வேலைக்குப் போகிறேன்.

மேஸ்திரி ஹாகர்ட்டி என் கையில் சுற்றியிருந்த துணிக்கட்டைப் பார்த்து, "பத்து விரலோட இருந்த வரைக்கும் நீ கத்துக்குட்டிடா. இப்பத்தான் ரயில்காரன் ஆயிருக்க!" என்றார். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். என் அறையில் தங்கும் ஸ்வீடன்காரன் நீல்ஸ் மட்டும் சிரிக்கவில்லை. "வலிக்குதான்னு ஒருத்தனும் கேக்கலையேடா" என்று சொல்லி, தன் ரொட்டியைப் பிட்டு என் தட்டில் வைத்தான்.

முடிந்தால் ஒரு ஜோடி கம்பளிக் கையுறை பின்னி அனுப்பு. ஊர்ச் செய்தி எதையும் விடாமல் எழுது. பக்கத்து வீட்டுச் சண்டையானாலும் சரி.

விசில் கேட்கிறது, கிளம்ப வேண்டும். சொல்ல மறந்துவிட்டேன், சுவரில் தொங்கும் என் பிடிலைத் தம்பி டோனலிடம் கொடுத்துவிடு. எனக்காக வைத்திருக்க வேண்டாம்.

உன் மகன்
ஃபின்டன்