அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று ஒரு தந்தி

மாதுங்கா,
12-9-1948

சிரஞ்சீவி ராஜலக்ஷ்மிக்கு அம்மா பாகீரதி அநேக ஆசீர்வாதம். இங்கே எல்லோரும் சௌக்கியம். மான்செஸ்டர் குளிரில் நீயும் அப்படியே இருக்க பகவானைப் பிரார்த்திக்கிறேன். அக்கா விஜயலக்ஷ்மி செம்பூருக்குக் குடிபோய்விட்டாள், அங்கே குழாயில் தண்ணீர் தாராளமாக வருகிறதாம், மாப்பிள்ளைக்குத்தான் ரயிலடிக்கு வெகுதூரம் நடை. ரேஷன் அரிசி இந்த வாரமும் கல்லும் நெல்லும்தான். இதையெல்லாம் எழுதுகிறேனே தவிர மனசு ஒரு நிலையில் இல்லை, பாலை அடுப்பில் வைத்துவிட்டு ஜன்னலுக்குப் போகிறேன், திரும்பி வந்தால் பொங்கி வழிந்திருக்கிறது. விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை அப்பாவின் மானேஜர் சுந்தரராமன் வீட்டுக்கு வந்தார், உன்னைச் சீமைக்கு அனுப்பிவைத்த சாயக் கம்பெனிக்காரர்தான். காப்பி குடித்துவிட்டு, உங்க பொண்ணு வெயிலுக்கும் சோப்புக்கும் வெளுக்காத நீலத்தைக் கண்டுபிடிச்சுட்டா, எங்களுக்கு அது போறும், உடனே கப்பலேறச் சொல்லும் ஓய் என்றார். அப்பா தயங்கித் தயங்கி, பாதி நாள் அங்குள்ள ஆலையிலும் பாதி நாள் யூனிவர்சிட்டியிலும் வேலை கற்று, டாக்டர் பட்டத்தோடு வருவதென்றுதானே பேச்சு என்றார். அதற்கு அவர், ஆலையிலே கத்துக்க வேண்டியது ஆச்சு, மீதியைப் பட்டத்துக்குன்னு எழுதிக் குடுத்தா போட்டிக் கம்பெனிக்காரனெல்லாம் படிச்சுடுவான், பட்டத்தை வச்சுண்டு பொம்மனாட்டி என்ன பண்ணப்போறா என்று சிரித்தார். நீ லேசில் வரமாட்டாய் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. அதனால் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, புறப்படு என்று அப்பா பெயரில் தந்தி அடிக்கச் சொன்னார்.

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். எனக்குப் பொறுக்கவில்லை. சமையலறையிலிருந்து வெளியே வந்து, என் உடம்பு நன்னாத்தான் இருக்கு, அவ முடிச்சுட்டு வந்து உங்க ஃபாக்டரியிலேயே வேலை பாப்பா, பேசின பேச்சு அது, நடுவிலே நிறுத்தணும்னு யாரும் பேசலை என்று சொல்லிவிட்டேன். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை, யோசிச்சு நாளைக்குச் சொல்லும் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டுப் போனார். மறுநாள் அப்பா ஆபீஸில் தந்தி அடிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டாராம். அன்றைக்கே அவரை அம்பர்நாத் கிடங்குக்கு மாற்றிவிட்டார்கள். விடியுமுன் ரயில் பிடிக்கிறார், கால் வீங்கி வருகிறார். நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாமோ என்று அவரிடமே கேட்டேன். நீ சொன்னதைத்தான் நானும் சொன்னேன், கொஞ்சம் மெதுவாச் சொன்னேன் என்கிறார். ஆனாலும் எனக்கு உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றுகிறது, எழுந்தால் போக இடமில்லை, தபால்காரன் மணி எந்த மாடியில் கேட்டாலும் ஓடுகிறேன்.

உன் பேராசிரியரிடம் ஒளிக்காமல் எல்லாவற்றையும் சொல். எழுதிக் கொடுப்பதைக் கொஞ்ச காலம் யார் கண்ணிலும் படாமல் பூட்டிவைக்க வழியிருந்தால் கம்பெனிக்கும் பயம் விடும் என்பது அப்பாவின் யோசனை. கம்பெனி மேல் கோபத்தில் திரும்பி வரமாட்டேன் என்று மட்டும் பிடிவாதம் பிடிக்காதே, கொடுத்த வாக்கு நம்முடையதும்தான். வேலை மும்முரத்தில் சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே, கம்பளி இல்லாமல் வெளியே இறங்காதே.

எங்கள் பெயரில் யார் தந்தி அடித்தாலும் நம்பிவிடாதே. நிஜமாகவே எனக்கு ஏதாவது வந்தால் அப்பா உனக்கு மறைக்காமல் எழுதுவார், ஆனால் புறப்படு என்று எழுதமாட்டார். நாங்கள் இரண்டு பேரும் அப்படிப் பேசி வைத்திருக்கிறோம்.

தீர்க்காயுசாக, எடுத்த காரியம் முடித்தவளாக இரு.

உன் அம்மா,
பாகீரதி