மெல்பேர்ண் கலண்டரின் சிவப்பு நாட்கள்

பலெர்மோ,
9.11.2025, ஞாயிறு

அன்புள்ள மகள் தர்சனாவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நான், அப்பா, தங்கச்சி மூன்று பேரும் கர்த்தரின் கிருபையால் சுகம். நீயும் பேர்த்தில் சுகமாயிருப்பாய் என்று அடுத்த வரியை எழுதுவதுதான் வழக்கம், இந்த முறை அதை எழுதாமல் விடுகிறேன், சுகமோ என்று கேட்பதற்குத்தான் இந்தக் கடிதமே. டெலிபோனில் கேட்டிருக்கலாம், ஆனால் அப்பா ஸ்பீக்கரில் போட்டுவிட்டுப் பக்கத்தில் இருப்பார், பிரசாந்தினியும் காதைக் குடுத்துக்கொண்டு நிற்பாள், நீ எல்லோருக்கும் பொதுவாக ஒரு பதில் சொல்லுவாய். அதனால் பூசை முடிந்து அவர்கள் கோயில் மண்டபத்தில் கோப்பி குடித்துக்கொண்டு நிற்க, தலையிடி என்று சொல்லிவிட்டு நான் முன்னுக்கு வீட்டுக்கு வந்து இதை எழுதுகிறேன். உன்னுடைய ஈமெயிலுக்கு அனுப்புவேன். தனியாக இருக்கிற நேரத்தில் வாசி.

வீட்டுப் புதினம் என்றால், அப்பாவுக்கு முழங்கால் நோ கொஞ்சம் குறைவு, ஆனால் பொலிதேயாமாவில் அவர் காவல் இருக்கிற கட்டிடத்தில் லிப்ட் பழுதாகி இரண்டு கிழமையாகப் படி ஏறி இறங்குகிறார், சொன்னால் கேட்பதில்லை. பிரசாந்தினிக்குப் பள்ளிக்கூடத்தில் கடைசி வருசம், படிக்கிறேன் என்று கதவைச் சாத்திக்கொண்டு இருக்கிறாள், படிக்கிறாளோ என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. நான் வேலைக்கு நிற்கிற வீட்டுக் கிழவி, சினியோரா, போன மாதம் குளியலறையில் விழுந்து எழும்பிய பிறகு என்னை அசைய விடுகிறா இல்லை. முதலாம் திகதி சகல பரிசுத்தர் திருநாள், நாடு முழுக்க லீவு, நான் காலமை எட்டு மணிக்கு அவவின் குசினியில் நின்றேன். மரித்தோர் நாளுக்கென்று இங்கே பழங்களின் உருவத்தில் செய்கிற அந்த இனிப்பில் ஒரு பெட்டி தந்துவிட்டா. அதில் பீச் பழம் தர்சிக்கு என்று அப்பா எடுத்து ஃபிரிட்ஜில் வைத்திருக்கிறார். அது எப்போது எப்படி உனக்கு வந்து சேரும் என்று ஒருத்தரும் அவரைக் கேட்கவில்லை.

அந்த ஃபிரிட்ஜுக்கு மேலேதான் பேனாட் மாமா மெல்பேர்ணில் இருந்து அனுப்பிய தமிழ்க் கலண்டர் தொங்குகிறது. அங்கே ஒரு தமிழ்க் கடை அடித்தது, அவுஸ்திரேலியாவின் லீவு நாளெல்லாம் சிவப்பில் இருக்கும். நாள் சிவப்பாக இருந்தால் அப்பா இங்கே காலமை ஏழு மணிக்கு உனக்கு டெலிபோன் எடுப்பார், வேலை நாளில் பிள்ளையைக் கரைச்சல் படுத்தக் கூடாது, லீவு நாளில்தான் ஆறுதலாகக் கதைக்கலாம் என்பது அவருடைய எண்ணம். போன செவ்வாய்க்கிழமை நாலாம் திகதியும் சிவப்பு, கீழே குதிரைப் பந்தய நாள் என்று எழுதியிருந்தது. எனக்கு நம்பிக்கை வரவில்லை. ஒரு அரசாங்கம் குதிரை ஓடுவதற்கு லீவு விடுமோ, கடைக்காரன் தன்ரை எண்ணத்துக்குப் போட்டிருப்பான் என்றேன். பிரசாந்தினி விழுந்து விழுந்து சிரித்தாள், குதிரைக்கு லீவு விடுற நாட்டிலை அக்கா என்னத்துக்கப்பா இஞ்சினியர், பேசாமல் குதிரை மேய்க்கலாமே என்றாள். அப்பா, வாயைப் பொத்தடி, முதலிலை நீ சோதினை பாஸ் பண்ணு என்று சொல்லிக்கொண்டே உனக்கு எடுத்தார். நீயும், ஓம் அப்பா, இண்டைக்கு லீவுதான், வீட்டிலை சும்மா இருக்கிறன், பிறகு எடுக்கிறன் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாய். அப்பா என்னைப் பார்த்து, கண்டியே, உன்ரை சந்தேகத்தைக் கொண்டுபோய்க் குப்பையிலை போடு, குதிரை ஓடினாலும் என்ரை பிள்ளைக்கு லீவு என்றார். அன்று முழுக்க அந்தக் கட்டிடத்தில் ஏறி இறங்கின எல்லாருக்கும் சொல்லியிருப்பார்.

நான் தோற்றுப்போனதை ஒத்துக்கொள்ளாமல் பின்னேரம் பிரசாந்தினியின் கம்பியூட்டரில் தேடிப் பார்த்தேன், என்னுடைய குணம் உனக்குத் தெரியும். லீவு உண்மைதான். ஆனால் அது மெல்பேர்ணுக்கும் அந்த மாநிலத்துக்கும் மட்டும். பேர்த்தில் அன்று எல்லோரும் வேலைக்குப் போயிருக்கிறார்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் நாலு வருசம் புவியியல் படித்தவள் நான், பேர்த்துக்கும் மெல்பேர்ணுக்கும் இடையில் கிட்டத்தட்ட பலெர்மோவில் இருந்து மொஸ்கோவுக்குப் போகிற தூரம் என்று தெரியும், தெரிந்தும் பத்து மாதமாக மெல்பேர்ண் கலண்டரை வைத்துக்கொண்டு பேர்த்தில் இருக்கிற உன்னுடைய நாட்களை எண்ணிக்கொண்டிருந்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது. பிறகு மற்றச் சிவப்பு நாட்களையும் பார்த்தேன். ஜூன் ஒன்பதாம் திகதி இங்கிலாந்து ராசாவின் பிறந்தநாள். அந்த ராசா பிறந்த மாதம் ஒன்று, கொண்டாடுகிற மாதம் இன்னொன்று, அதுவும் மாநிலத்துக்கு மாநிலம் வேறு, உங்களுக்கு அது செப்டெம்பரில்தான். ஆனால் ஜூன் ஒன்பதிலும் நீ அப்பாவுக்கு ஓம் லீவு என்றுதான் சொன்னாய்.

அப்பாவின் மனம் குளிரட்டும் என்று ஓம் போட்டிருப்பாய் என்றும் யோசித்தேன், அப்படித்தான் இருக்க வேண்டும் என்று இரண்டு நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டும் இருந்தேன். ஆனால் ஜூன் இரண்டாம் திகதி ஒன்று இருக்கிறது. இங்கே அன்று குடியரசு நாள், நான் வீட்டில் நின்றபடியால் நானே உனக்கு எடுத்தேன். ஒபிசிலை நிக்கிறன் அம்மா, மனேஜர் பக்கத்திலை, பிறகு கதைக்கிறன் என்று நீ சொன்னாய். பிள்ளை, ஜூன் இரண்டு உங்களுடைய மாநிலத்தின் நாள். இந்த வருசம் பேர்த் முழுக்க அன்று லீவு. ஒபிசுக்குப் போகிறவளுக்கு அது மறக்காது, ஒரு கிழமைக்கு முன்னமே எண்ணத் தொடங்கியிருப்பாள். லீவு எது வேலை எது என்று தெரியாமல் போவது ஒபிசுக்குப் போகாதவளுக்குத்தான்.

அதற்குப் பிறகு உன்னுடைய பழைய லீவுகளை யோசித்துப் பார்த்தேன். ஏப்ரல் இருபத்தைந்தில் நீ எவ்வளவு கதைத்தாய். இங்கே அது நாடு விடுதலையான நாள், அங்கே படையில் போனவர்களின் நாள், இரண்டு வீட்டிலும் ஒரே நேரத்தில் லீவு என்று நீதான் கண்டுபிடித்தாய். விடிய முன்னம் எழும்பி மலைப் பூங்காவுக்குப் போனதையும், ஆயிரக்கணக்கான சனம் ஒரு சத்தமும் இல்லாமல் நின்றதையும், வெல்லாத சண்டை ஒன்றுக்காக அப்படி நிற்கிறார்களே அம்மா என்று நீ ஆச்சரியப்பட்டதையும் சொன்னாய். குளிர் காதுக்குள் போனதாம், பஸ் ஞாயிற்றுக்கிழமை நேரத்துக்கு ஓடினதாம், மத்தியானம் வரைக்கும் கடை திறக்காதபடியால் பால் இல்லாமல் வெறும் தேத்தண்ணி குடித்தாயாம். சனவரி இருபத்தாறிலும் அப்படித்தான். ஊர் முழுக்கக் கொடி பிடிக்க, உன்னோடு வேலை செய்கிற அந்த மண்ணின் பழைய குடியைச் சேர்ந்த பிள்ளை மட்டும், எங்கடை நிலத்தைப் பறிச்ச நாள் இது, எனக்கு என்ன கொண்டாட்டம் என்று உன்னிடம் சொன்னதாகச் சொன்னாய். எனக்கு அது உடனே விளங்கியது. பெப்ரவரி நாலில், இலங்கைக்குச் சுதந்திர நாள் என்று, ஆமி வந்து கொடி கட்டச் சொன்ன தெருவில் வளர்ந்தவள் நான். உண்மையான லீவு நாளில் ஏதோ ஒரு குறை இருக்கும், பஸ் இல்லை, பால் இல்லை, பக்கத்தில் நிற்கிற ஒருத்திக்கு அது துக்க நாள். ஜூனில் இருந்து நீ சொன்ன லீவுகளில் ஒரு குறையும் இல்லை. சும்மா இருக்கிறன் என்ற ஒரு வசனம்தான்.

செவ்வாய்க்கிழமை இன்னொன்றும் கேட்டது, அதை அப்பா கவனிக்கவில்லை. உன்னுடைய குரலுக்குப் பின்னால் பீங்கான் தட்டுகளை அடுக்குகிற சத்தம். வீட்டில் இரண்டு தட்டு வைக்கிற சத்தம் இல்லை, கழுவி எடுத்து ஈரத்தோடு இருபது முப்பதாக அடுக்குகிற சத்தம். அதை நான் எங்கே கேட்டாலும் பிடிப்பேன், ஏனென்றால் நீ பிறக்க முன்னம் ஸ்ஃபெர்ராகவால்லோவில் ஒரு மீன் சாப்பாட்டுக்கடையின் பின்பக்கத்தில் மூன்று கோடை நின்று தட்டுக் கழுவினேன். இதை உனக்கு நான் சொன்னதில்லை. அப்பாவுக்குத் தெரியும், வேறு ஒருத்தருக்கும் தெரியாது. ஊரில் என்னுடைய ஐயாவுக்கு நான் எழுதினது, பொலிதேயாமாவில் ஒரு ஒபிசில் மொழிபெயர்ப்பு வேலை என்று. பட்டம் எடுத்த மகள் தட்டுக் கழுவுகிறாள் என்று எழுதக் கை வரவில்லை. ஆகஸ்ட் பதினைந்து இங்கே எல்லாம் பூட்டுகிற நாள், ஒபிஸ் பூட்டு, எல்லோரும் கடற்கரைக்குப் போனோம் என்று எழுதினேன். கடற்கரையில் நின்றது உண்மை, குசினி யன்னலுக்கு வெளியே கடல் தெரியும், அன்றைக்குத்தான் வருசத்திலேயே கூடத் தட்டு.

ஐயா எல்லாவற்றையும் அறிய விரும்புகிற மனிசன். அந்தப் பதினைந்து எந்தக் காலத்து லீவு, மாதாவின் திருநாளுக்கு முன்னமே இருந்ததோ, பலெர்மோவைக் காக்கிற சந்த ரோசலியாவுக்கு ஜூலையில் ஏன் ஊர்வலம் என்று பக்கம் பக்கமாகக் கேட்டு எழுதுவார். நானும் தேடிப் படித்து விளக்கமாகப் பதில் எழுதுவேன். பிள்ளை அங்கை நல்லாப் படிச்ச ஆக்களோடை இருக்குது என்று அயலட்டைக்கு வாசித்துக் காட்டுவாராம். அந்த மூன்று வருசத்தில் இந்த நாட்டின் லீவுகளைப் பற்றி அவர் கேட்காத கேள்வி இல்லை. என்னுடைய கை எப்படி இருக்கு என்று ஒருமுறையும் கேட்கவில்லை. எப்படிக் கேட்பார், மொழிபெயர்க்கிறவளின் கைக்கு என்ன வரப்போகிறது. தட்டுக் கழுவுகிற சலவைச் சோடாத் தண்ணியில் தோல் உரிந்து, பேனை பிடிக்க நோகும், அந்தக் கையால்தான் அவருக்கு எழுதினேன். சண்டையால் யாழ்ப்பாணப் பாதை பூட்டியிருந்த காலத்தில் அவர் காலமானார், நான் போய்ப் பார்க்கவில்லை. தெரிந்திருந்தால் ஐயா வெட்கப்பட்டிருப்பார் என்று அந்த நேரம் நினைத்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை. அவர் கேட்டிருப்பார் என்று நினைக்கிறேன், நான்தான் கேட்க இடம் குடுக்கவில்லை.

நீ என்ன வேலை செய்கிறாய் என்பது எனக்குப் பெரிய விசயமில்லை. தட்டுக் கழுவுவது ஒரு வேலை, யாரோ லீவு எடுக்க யாரோ கழுவத்தான் வேண்டும். எனக்கு மூன்று பயம்தான். ஒன்று, உன்னுடைய விசா நீ இஞ்சினியராகச் சேர்ந்த அந்த மண் பரிசோதிக்கிற கம்பனியோடு கட்டினதோ என்பது. இங்கே வேலை போனால் நாட்டில் இருக்க விடுகிற பெர்மேசோவுக்கு என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும், அங்கே தெரியாது, தெரிந்த ஒருத்தரிடம் நீ உடனே கேட்க வேண்டும், கேட்டாயோ என்று எனக்குச் சொல்ல வேண்டும். இரண்டாவது, டிசெம்பரில் நத்தாருக்கு ஒபிசில் இரண்டு நாள்தான் லீவு, வர ஏலாது என்று சொன்னாயே, அது எங்களுடைய முகத்தைப் பார்க்கக் கூச்சப்பட்டுச் சொன்னதோ என்பது. மூன்றாவது, ஐயாவுக்கு நான் செய்ததுபோல நீயும் எனக்குக் கேட்க இடம் குடுக்காமல் விடுவாயோ என்பது. நான் நினைத்தது பிழையாகவும் இருக்கலாம், நான் எல்லாவற்றிலும் ஐமிச்சப்படுகிறவள் என்று நீங்கள் அக்காவும் தங்கச்சியும் பகிடி பண்ணுவீர்கள், இது பிழை என்றால் எனக்குச் சந்தோசம். அப்பாவுக்கு ஒன்றும் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன், அது நீ உன்னுடைய வாயால் சொல்ல வேண்டியது. அவர் பேனாட்டிடம் அடுத்த வருசக் கலண்டரும் கேட்டிருக்கிறார், அது வந்து ஆணியில் ஏற முன்னம் சொன்னால் நல்லது. முதலில் கொஞ்சம் சத்தம் போடுவார், பிறகு ஃபிரிட்ஜைத் திறந்து அந்தப் பீச் பழத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார், அவ்வளவுதான்.

வருகிற வியாழன் பதின்மூன்றாம் திகதி உனக்கு எடுப்பேன். சினியோரா சாப்பிட்டுப் படுத்த பிறகு, இங்கே மத்தியானம் ஒரு மணி, உனக்கு இரவு எட்டு. நன்றாகத் தேடிப் பார்த்துவிட்டேன், அன்று உங்களுடைய ஒரு மாநிலத்திலும் லீவு இல்லை, இத்தாலியிலும் இல்லை, எல்லாக் கலண்டரிலும் கறுப்பு. லீவோ, ஒபிசோ, எங்கே நிற்கிறாய் என்று ஒன்றும் கேட்க மாட்டேன். கை எப்படி இருக்கு என்று மட்டும் கேட்பேன். அதற்கு உண்மையைச் சொல்லு.

மாதா உன்னை நோய் நொடி இல்லாமல் காக்கட்டும், நீ நிற்கிற இடத்தில் நல்ல மனிசர் உன்னைச் சுற்றி இருக்கட்டும். ரப்பர் கையுறையை வெறும் கையில் போடாதே, உள்ளே மெல்லிய பருத்தி உறை போட்டு அதற்கு மேலே போடு, படுக்கப் போகும்போது விரல் இடுக்குகளுக்குள் தேங்காய் எண்ணெய் பூசு, எனக்கு அதைச் சொல்ல அப்போது ஒருத்தரும் இருக்கவில்லை.

என்றும் உன் அம்மா,
அகஸ்ரீனா