கடைக்காரனின் எடைக்கல்

அன்புள்ள மகனுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நடமாடிக்கொண்டு இருக்கிறோம், நலம் என்று எழுதத்தான் கை வரவில்லை. நீ நலமாகவே இருப்பாய் என்று நம்புகிறேன். அம்மாவின் முழங்கால் ஆபரேஷனைத் தள்ளிப் போட்டாயிற்று, ஏன் என்று உனக்கே தெரியும். போனில் இந்தப் பேச்சை எடுத்தாலே அப்புறம் கூப்பிடறேன்பா என்று வைத்துவிடுகிறாய், அதனால்தான் கடிதம்.

போன வாரம் நிதி ஒழுங்குமுறை அலுவலகத்துக்குப் போனேன். வெளிநாட்டு நாணய வியாபாரத்தில் ஏமாந்தவர்களுக்கென்று தனி ஜன்னலே வைத்திருக்கிறார்கள், அதற்கும் வாசல்வரை வரிசை. ஜன்னலில் இருந்த பெண்ணுக்கு உன் வயதுதான் இருக்கும். நீ சேர்த்துவிட்ட கம்பெனியின் பெயரைத் தட்டிப் பார்த்துவிட்டு, அனுமதி கொடுத்த பட்டியல்ல இது இல்லையே சார், எச்சரிக்கைப் பட்டியல்லதான் இருக்கு, பணம் கட்டுறதுக்கு முன்னாடி பாக்கலையா என்று கேட்டாள். பார்த்தேனே அம்மா, லைசென்ஸ் நம்பரைச் சொல்லிப் போனில் விசாரித்தேனே என்றேன். யாருக்குப் போன் பண்ணீங்க என்றாள். அந்தக் கம்பெனி அனுப்பிய சான்றிதழின் அடியில் அச்சடித்திருந்த எண்ணுக்கு என்று சொல்லும்போதே எனக்கு உறைத்துவிட்டது. முப்பத்தோரு வருடம் எடை அளவு ஆய்வாளனாகக் கடை கடையாக ஏறி இறங்கியவன் நான். கடைக்காரனின் எடைக்கல்லை வைத்தே அவன் தராசைச் சோதிக்காதே என்று புதிதாக வேலைக்கு வந்தவர்களிடமெல்லாம் தொண்டை வறளச் சொன்னவன், அரசாங்க எடைக்கல் பெட்டியைச் சுமந்து சுமந்து ஒரு பக்கத் தோளே இறங்கிப்போனவன். அப்படிப்பட்டவன் திருடனுக்கே போன் போட்டு நீ நல்லவனா என்று கேட்டிருக்கிறேன். மகன் காட்டிய கடைதானே என்று மூளையைக் கழற்றி வைத்துவிட்டேன்.

அந்தப் பெண் பொறுமையாகத்தான் சொன்னாள். அனுமதி உள்ள கம்பெனி நம் பணத்தைத் தன் பணத்தோடு கலக்காமல் தனிக் கணக்கில் வைக்க வேண்டுமாம், கட்டியதைப் போல் ஐந்நூறு மடங்குக்கு வியாபாரம் செய்யலாம் என்று ஆசை காட்டக் கூடாதாம். திரையில் பச்சையாக ஏறிய லாபம் சந்தைப் பக்கமே போகவில்லை, நமக்குப் படம் காட்டியிருக்கிறார்கள். அந்த லாபத்தை எடுக்கப் போனபோது முதலில் வரி கட்டு என்றார்களே, அதையும் கட்டினேன், ஒன்றும் வரவில்லை. கடைசியாக என் போனில் இருந்த அந்தக் கம்பெனிக் கணக்கின் விவரத்தை அச்செடுத்துக் கொடுத்து ஒரு வரியில் விரல் வைத்தாள். அறிமுகம் செய்தவர் என்ற இடத்தில் உன் பெயர். நான் கட்டிய ஒவ்வொரு தவணையிலும் உனக்கு ஒரு பங்கு போயிருக்கிறது. நானும் போட்டிருக்கேன்பா, பயப்படாதீங்க என்றாயே, அந்தத் தாளில் உன் பெயரில் வரவுதான் இருக்கிறது, நீ போட்டது ஒரு காசு இல்லை. கேட்டிருந்தால் அந்தப் பங்கைவிட அதிகமாக நானே கொடுத்திருப்பேன்.

இதை அம்மாவிடம் சொன்னேன். அவள் அழவில்லை, புகார்ல பிள்ளை பேரை மட்டும் எழுதிடாதீங்க என்றாள். நானும் புகார்ப் படிவத்தில் அறிமுகம் செய்தவர் என்ற கட்டத்தைக் காலியாக விட்டு, மடித்து அலமாரியில் வைத்துவிட்டேன். மூன்றாம் நாள் எதிர்வீட்டுத் தையல்காரர் வந்தார். இரண்டாவது மிஷின் வாங்க வைத்திருந்ததை என் பேச்சைக் கேட்டுத்தான் அதில் போட்டார், ஆய்வாளர் சார் சொன்னா சரியா இருக்கும் என்று. அவருக்குப் படிவம் நிரப்பத் தெரியாது, என்னிடமே நீட்டினார். அறிமுகம் செய்தவர் என்ற கட்டம் வந்ததும், அது கிடக்கட்டும் விடுங்க சார் என்றார். அவருக்கு இருக்கும் பெருந்தன்மையைப் பார். நான் விடவில்லை, என் பெயரையும் முகவரியையும் என் கையாலேயே எழுதிக் கொடுத்தேன். அவருக்கு ஒரு தராசு, எனக்கு ஒரு தராசு என்று வைக்க எனக்குத் தெரியாது. அன்று சாயங்காலமே அலமாரியிலிருந்து என் படிவத்தையும் எடுத்து உன் பெயரை எழுதிவிட்டேன். அம்மா என்னோடு பேசி நாலு நாளாகிறது.

வேளைக்குச் சாப்பிடு, உடம்பைப் பார்த்துக்கொள். உனக்குக் கெடுதல் வர வேண்டும் என்று நினைக்க இப்போதும் எனக்கு மனம் வரவில்லை. நீ நன்றாக இருக்க வேண்டும். ஒன்று மட்டும் மறந்துவிடாதே. நீ வீடு மாறி ஆறு மாதமாகியும் புது முகவரி எங்களுக்குத் தரவில்லை, இதை உன் ஆபீசுக்குத்தான் அனுப்புகிறேன். புகார்ப் படிவத்தில் உன் பெயருக்குக் கீழே உன் முகவரியும் கேட்கிறார்கள். நீயே எழுதி அனுப்பு.

இப்படிக்கு,
உன் அப்பா